சக்கரக் குடமும் கரிசல் வண்டியும்

சக்கரக் குடம் என்பது சக்கரத்தின் நடுப்பகுதி. வண்டியின் அச்சு இதனுள் நுழைகிறது; சக்கரம் இதன் மேல் சுழல்கிறது. மாட்டு வண்டியில் இது கடைந்த மரக்கட்டை. கார், லாரி, டிராக்டர் ஆகியவற்றில் இது இரும்பு வார்ப்பு. பட்டறை வழக்கில் 'ஹப்' எனப்படும். ஒரு வண்டியின் குடத்தை மற்றொரு வண்டிக்கு மாற்றிப் பொருத்தும் வழக்கம் காற்று டயர் பரவிய 1930-களுக்குப் பின் உலகின் பல பகுதிகளில் வளர்ந்தது. அமெரிக்காவில் பழைய கார்களின் சக்கரங்களும் குடங்களும் டிராக்டருக்கும் இழுவை வண்டிக்கும் சென்றன. தமிழ்நாட்டில் அவை மாட்டு வண்டிக்கு வந்து 'டயர் வண்டி' உருவாயின. எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களை உள்ளடக்கிய கரிசல் பகுதியில் இந்த மாற்றம் மண், மாடு, தச்சுத் தொழில், சாலை ஆகிய நான்கையும் தொட்டது.

பெயர்கள்

சக்கரத்தின் உறுப்புகளுக்குத் தமிழில் பழங்காலம் முதல் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சங்க இலக்கியங்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை தேர்ச்சக்கரத்தைக் குறிப்பிடும்போது குறடு, ஆரம், நேமி என்னும் மூன்று சொற்களை ஆள்கிறது. குறடு என்பது குடம். ஆரம் என்பது ஆரக்கால். நேமி என்பது வெளிவட்டம். பெரும்பாணாற்றுப்படை உமணர்களின் உப்பு வண்டியை விரிவாகக் காட்டுகிறது. திருக்குறள் அச்சாணியை உவமையாகக் கொண்டு உருவத்தால் ஒருவரை எடைபோடக் கூடாது என்கிறது. அளவு மீறி ஏற்றினால் மயிற்பீலியும் அச்சை முறிக்கும் என்பதும் குறளின் கருத்தே. சுமைக்கும் அச்சுக்கும் உள்ள உறவு பற்றிய இந்தப் பழைய எச்சரிக்கை, இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் பேசப்படும் டயர் வண்டிக்கும் டிரெய்லருக்கும் பொருந்தும்.

பேச்சு வழக்கில் குடம், ஆரக்கால், வட்டை, இருசு, கடையாணி, பட்டை ஆகிய சொற்கள் வழங்குகின்றன. வட்டை என்பது சக்கரத்தின் வெளிவட்டமாக அமையும் வளைந்த மரத்துண்டு. இருசு என்பது அச்சு. பட்டை என்பது வட்டையின் மேல் இறுக்கப்படும் இரும்பு வளையம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி ஒன்றைத் தொகுத்தார். உழவும் வண்டியும் மாறியபோது அவற்றோடு ஒட்டிய சொற்களும் மறையத் தொடங்கியதை அத்தகைய தொகுப்புகளின் தேவையே உணர்த்துகிறது.

கரிசல் மண்ணும் மரச்சக்கரமும்

கரிசல் மண் களித்தன்மை மிக்கது. நீரை உறிஞ்சும்போது ஊதிப் பெருகும். காயும்போது சுருங்கி ஆழமாக வெடிக்கும். எட்டயபுரம் பகுதியில் ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. அந்த நாட்களில் வண்டித் தடம் சேறாகும். சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும். தை, மாசியில் அதே தடம் கல்லைப் போல இறுகி, பழைய சக்கரப் பள்ளங்கள் அப்படியே நிற்கும். ஒரே பாதை ஆண்டுக்கு இருமுறை வேறு வேறு பாதையாக மாறுகிறது. இரண்டிலும் ஓடக்கூடிய சக்கரம் தேவைப்பட்டது.

ஆளின் மார்பளவு உயரமுள்ள மரச்சக்கரம் இதற்கான விடையாக இருந்தது. விட்டம் பெரிதாக இருந்தால் சக்கரம் பள்ளத்தில் விழாமல் அதன் மேல் ஏறிச் செல்லும். குடத்துக்கும் ஆரக்காலுக்கும் கருவேல் போன்ற உறுதியான மரங்கள் பயன்பட்டன. தச்சர் குடத்தைக் கடைந்து, துளையிட்டு, ஆரக்கால்களை அறைந்து, வட்டைகளைக் கோத்து முடித்தபின் வேலை கொல்லரிடம் செல்லும். கொல்லர் இரும்புப் பட்டையை எருமூட்டத்தில் பழுக்கக் காய்ச்சி, சூட்டோடு சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார். குளிர்ந்து சுருங்கும் பட்டை வட்டை, ஆரக்கால், குடம் அனைத்தையும் ஒன்றாக இறுக்கும். ஆணியோ பசையோ செய்யாத வேலையை இரும்பின் சுருக்கம் செய்தது.

குடத்தினுள் இரும்புப் பூண் இருக்கும். அது இருசின் மேல் நேரடியாக உராய்ந்து சுழலும். உராய்வைக் குறைக்க வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை இடப்பட்டது. மை வறண்டால் வண்டி கிறீச்சிடும். மாடு கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். பூண் தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கும்.

இந்த வண்டிகளின் முக்கியமான சுமை பருத்தி. மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை 1876 சனவரி 1 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டது. கோவில்பட்டி அந்தப் பாதையில் அமைந்ததால் பருத்திச் சந்தையாக வளர்ந்தது. எட்டயபுரத்துக்கு ரயில் இல்லை. சுற்று வட்டாரக் காடுகளிலிருந்து பருத்திப் பொதிகள் சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள கோவில்பட்டிக்கு வண்டியில் செல்ல வேண்டியிருந்தது. சுப்பிரமணிய பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்திலேயே இயந்திரப் பருத்தி ஆலை ஒன்றை நடத்த முயன்று பெரும் நட்டம் அடைந்தார், 1898-ல் இறந்தார். 1901-ல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. மானாவாரிப் பருத்தி அதன் முதன்மையான ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாக இருந்தது. ஆய்வும் ஆலையும் ரயிலும் வந்தபோதும், காட்டிலிருந்து சந்தை வரையிலான தூரம் மரக்குடத்தின் மேலேயே கடக்கப்பட்டது.

காற்று டயரும் உருளைத் தாங்கியும்

மரக்குடத்தை மாற்றியமைத்த இரண்டு கண்டுபிடிப்புகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தன. முதலாவது, 1888-ல் ஜான் பாய்டு டன்லப் காப்புரிமை பெற்ற காற்று டயர். இரண்டாவது, 1898-ல் ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்ற கூம்பு உருளைத் தாங்கி. டிம்கன் அடிப்படையில் குதிரை வண்டி செய்பவர். வண்டி திரும்பும்போது சக்கரத்தின் மேல் பக்கவாட்டில் விழும் அழுத்தத்தையும், மேலிருந்து இறங்கும் சுமையையும் ஒரே தாங்கி ஏற்க வேண்டும் என்பது அவர் எதிர்கொண்ட சிக்கல். எதிரெதிராக வைக்கப்பட்ட இரண்டு கூம்புத் தாங்கிகள் இதைத் தீர்த்தன. இன்று பட்டறைகளில் 'டேப்பர் பேரிங்' எனப்படுவது இதுவே.

இந்தத் தாங்கி வந்தபின் குடத்தின் இயல்பு மாறியது. மரக்குடம் ஒரு சக்கரத்துக்கென்றே பிறந்தது; அதைப் பிரித்து வேறு சக்கரத்தில் வைக்க இயலாது. இரும்புக் குடத்திலோ சக்கரம் போல்ட்டுகளால் மட்டும் பிணைக்கப்பட்டது. போல்ட் துளைகள் ஒத்துப்போனால் எந்தச் சக்கரத்தையும் அதில் மாட்டலாம். இடமாற்றம் என்ற எண்ணமே இந்தப் பிரிவிலிருந்துதான் பிறந்தது.

டிராக்டர்கள் நெடுநாள் இரும்புச் சக்கரத்திலேயே ஓடின. 1932-ல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்று டயர் பொருத்திய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் பொருளாதார மந்தம் கடுமையாக இருந்தது. புதிய டிராக்டர் வாங்க இயலாத உழவர்கள் பழைய இரும்புச் சக்கரத்தின் ஆரக்கால்களை வெட்டி, டயர் ஏற்றும் ரிம்மை அவற்றின் முனையில் பற்றவைத்தார்கள். வேறு சிலர் பழைய ஃபோர்டு கார்களையே டிராக்டராக மாற்றினார்கள். இதற்கான உதிரி உறுப்புத் தொகுப்புகள் கடைகளில் விற்கப்பட்டன. சுவீடனில் 1940-களில் பழைய கார்களிலிருந்து உருவாக்கப்பட்ட 'எபா' டிராக்டர்கள் சட்ட ஏற்பையும் பெற்றன.

ஃபோர்டு முதல் டாஃபே வரை

காருக்கும் டிராக்டருக்கும் இடையே உறுப்புகள் ஒத்துப்போனதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, 1939-ல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டர். 1938-ல் ஹென்றி ஃபோர்டும் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசனும் எழுத்துமூல ஒப்பந்தம் இன்றிக் கைகுலுக்கி உடன்பாடு செய்துகொண்டார்கள். அதன் விளைவாக வந்த இந்த டிராக்டர் செலவைக் குறைப்பதற்காகக் கார் உற்பத்தியிலிருந்து பலவற்றைக் கடன் வாங்கியது. அதன் நான்கு சிலிண்டர் இன்ஜின் மெர்குரி காரின் எட்டு சிலிண்டர் இன்ஜினில் பாதி எனலாம். முன்சக்கரத்தில் 5 போல்ட்டுகள் 5.5 அங்குல வட்டத்தில் அமைந்திருந்தன. 1928 முதல் 1948 வரையிலான ஃபோர்டு கார்களிலும், வில்லிஸ் ஜீப்பிலும் இதே வட்ட அளவு இருந்தது. அதன் முன் டயர் 19 அங்குல ரிம்முக்குரியது; 1930-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ காரின் சக்கர விட்டமும் அதுவே. இன்று பழைய வண்டிகளைச் சீரமைப்போர் டிராக்டர் சக்கரத்தையும் கார்க் குடத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்கு இந்த அளவு ஒற்றுமையே காரணம்.

ஃபோர்டு - பெர்குசன் உடன்பாடு 1940-களின் பிற்பகுதியில் முறிந்தது. பெர்குசன் தொடுத்த வழக்கு 1952-ல் 92.5 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் முடிந்தது. இதற்கிடையே அவர் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரிலுள்ள ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்துடன் சேர்ந்து 1946 முதல் 1956 வரை டிஇ20 டிராக்டரைத் தயாரித்தார். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் வெளிவந்தன. இதிலும் கார் உறவு தொடர்ந்தது. ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காரின் இன்ஜினும் டிஇ20-இன் இன்ஜினும் ஒரே குடும்பத்தவை. அதே வேன்கார்டு கார் 1950-களில் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டுத் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடியது.

பெர்குசன் நிறுவனம் 1953-ல் மாஸி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. மாஸி பெர்குசன் என்ற பெயரில் வந்த 35 வகை டிராக்டர், டிஇ20-இன் வாரிசு. 1960-ல் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸி பெர்குசனின் கூட்டுறவுடன் தொடங்கிய டாஃபே நிறுவனம் இந்த வழியில் வந்த 1035 வகையைத் தயாரித்தது. கோவில்பட்டி, எட்டயபுரம் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய சிவப்பு நிற மாஸி டிராக்டரின் வம்சாவளி, இவ்வாறு 1938-ஆம் ஆண்டின் ஒரு கைகுலுக்கலுக்குச் செல்கிறது.

டயர் வண்டியின் பிறப்பு

இந்தியாவில் இடமாற்றம் வேறு திசையில் நடந்தது. டிராக்டர் அரிதாகவும் மாட்டு வண்டி மிகுதியாகவும் இருந்த நாட்டில், கார், லாரி ஆகியவற்றின் குடங்கள் முதலில் மாட்டு வண்டிக்குச் சென்றன. டன்லப் நிறுவனம் 1936-ல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டயர் ஆலையைத் தொடங்கியது. கால்நடை இழுக்கும் வண்டிகளுக்கெனத் தனி டயர்களும் சந்தைக்கு வந்தன. வட இந்தியாவில் இத்தகைய வண்டி 'டன்லப் வண்டி' என்றே பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் அது 'டயர் வண்டி' ஆனது. பழைய இரும்புப் பட்டைச் சக்கர வண்டி அதற்குப் பின் 'கட்டை வண்டி' எனப் பிரித்துக் கூறப்பட்டது.

மாட்டு வண்டி டயரின் அளவு கவனிக்கத்தக்கது. இந்தியாவில் இவை 6.00-19, 7.00-19, 8.00-19 ஆகிய அளவுகளில் விற்கப்படுகின்றன. மூன்றும் 19 அங்குல ரிம்முக்குரியவை. கார்கள் 1930-களின் நடுவிலேயே 16 அங்குலத்துக்கு இறங்கி, பின் இன்னும் சிறுத்துவிட்டன. அமெரிக்கக் கார்கள் கைவிட்ட விட்டத்தை மாட்டு வண்டி விடாமல் வைத்துக்கொண்டது. இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. விட்டம் பெரிதாக இருந்தால் கரடுமுரடான தடத்தில் இழுப்பது எளிது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைகள் விட்டுச்சென்ற லாரிகளும் ஜீப்புகளும் ஏலத்தில் விற்கப்பட்டன. 'டிஸ்போசல் வண்டி' என்று அழைக்கப்பட்ட இவை பேருந்து, லாரித் தொழிலுக்கு உதவின. ஓட முடியாத நிலைக்கு வந்தபின் அவை காயலான் கடைக்குச் சென்றன. அங்கே அச்சும் குடமும் இரும்பின் எடைக்கு விற்கப்பட்டன. ஒரு புதிய அச்சைச் செய்யும் செலவை விடக் குறைவான விலைக்கு, தாங்கியுடன் கூடிய குடம் கிடைத்தது. பழைய டயரைப் புதுப்பிக்கும் தொழிலும் இதே காலத்தில் வளர்ந்தது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952-ல் டயர் புதுப்பிப்புக்கான ரப்பரையும் 1961-ல் டயரையும் தயாரிக்கத் தொடங்கியது. குடம், டயர், அச்சு மூன்றும் பழைய பொருளாகக் கிடைத்ததால், சிறுநகரப் பட்டறை ஒன்று ஆலையின் துணை இல்லாமலே டயர் வண்டியைச் செய்ய முடிந்தது.

பொருந்துவதும் தாங்குவதும்

குடத்தை மாற்றிப் பொருத்துவதில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று, அது பொருந்துமா என்பது. மற்றொன்று, அது தாங்குமா என்பது. முதல் கேள்விக்கு அளவுகோல் விடை சொல்லும். இரண்டாவதற்குச் சொல்லாது.

பொருந்துவதற்குக் கவனிக்க வேண்டியவை: போல்ட்டுகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், ரிம்மின் நடுத்துளையின் அளவு, போல்ட்டின் மரை, நட்டின் இருக்கை வடிவம். இவற்றுள் ஒன்று மாறினாலும் சக்கரம் மாட்டியதுபோல் தோன்றி, ஓட்டத்தில் தளரும். 5.5 அங்குல வட்டத்துக்கும் 4.5 அங்குல வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மரையின் வேறுபாடு தெரியாது. பிரிட்டிஷ், அமெரிக்க, மெட்ரிக் மரைகள் ஒரே பட்டறையில் கலந்து கிடந்த காலத்தில் இது பெரிய சிக்கல். போர்க்கால ஜீப்பின் இடப்பக்கக் குடங்களில் இடதுமரை போல்ட்டுகள் இருந்தன. சக்கரம் சுழலும் திசையில் நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அறியாதவர் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பிக் கழற்ற முயன்றால் நட்டு மேலும் இறுகும், போல்ட் முறியும்.

தாங்குவது குடத்தின் பிறப்பைப் பொறுத்தது. காரின் முன்குடம் குறைந்த சுமைக்கும் மிகுந்த வேகத்துக்கும் அமைந்தது. டிராக்டரின் முன்குடம் மெதுவாகச் சென்றாலும் உழவின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். ஆனால் டிராக்டரின் பிரேக் பின்சக்கரத்தில்தான் இருக்கும். அதன் முன்குடத்தைக் காரில் வைத்தால் பிரேக் அமைப்புக்கு இடமில்லை. காரின் பின்குடம் பெரும்பாலும் சுழலும் அச்சோடு பிணைந்தது. அதை நிலையான அச்சுள்ள மாட்டு வண்டிக்கு எளிதில் பயன்படுத்த முடியாது. லாரியின் பின்குடமோ அச்சுக் கூட்டின் வெளிப்புறத்தில் இரண்டு கூம்புத் தாங்கிகளின் மேல் தனித்துச் சுழல்வது. உள்ளே உள்ள சுழல் அச்சை உருவிவிட்டாலும் குடம் தன் இடத்திலேயே நின்று சுமையைத் தாங்கும். டயர் வண்டிக்கும் டிரெய்லருக்கும் லாரி அச்சு விரும்பப்பட்டதன் காரணம் இதுதான்.

ரிம் குடத்திலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதும் முக்கியம். அகலமான டயருக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளிப் பொருத்தினால் சுமை நெம்புகோலைப் போலத் தாங்கியை அழுத்தும். தாங்கி சூடாகி, கிரீஸ் உருகி, இறுதியில் அச்சு நுனி முறியும். இத்தகைய முறிவு பெரும்பாலும் வண்டி முழுச் சுமையோடு இருக்கும்போதே நேர்கிறது. அளவு மீறினால் மயிற்பீலியும் அச்சை முறிக்கும் என்ற குறளின் கணக்கு இதில் மாறவில்லை.

மாட்டின் கழுத்து

டயர் வண்டியால் சாலைக்கு நன்மை விளைந்தது. ஒன்றரை, இரண்டு அங்குல அகலமுள்ள இரும்புப் பட்டை கப்பிச் சாலையை உழுதுவிடும். காற்று டயர் சுமையைப் பரப்பி இறக்கும். மாட்டுக்கும் இழுவை எளிதானது. ஆனால் கரிசல் காட்டில் இதன் பயன் முழுமையாக இல்லை. உழுத நிலத்திலும் ஈரச் சேற்றிலும் இழுவை கடினமாவது குடத்தின் உராய்வால் அல்ல; சக்கரம் மண்ணில் புதைவதால். அங்கே நல்ல தாங்கி அதிகம் உதவாது. மேலும் கருவேல முள்ளும், பின்னர் பரவிய சீமைக் கருவேல முள்ளும் டயருக்குப் பகை. இரும்புப் பட்டைக்குப் பஞ்சர் இல்லை. எனவே காட்டுக்குக் கட்டை வண்டி, சாலைக்கு டயர் வண்டி என்ற பிரிவு இயல்பாக அமைந்தது.

இழுப்பது எளிதானதும் சுமை கூடியது. இதில் ஒரு முரண் இருந்தது. சக்கரமும் குடமும் மாறின, நுகத்தடி மாறவில்லை. அதே மரத்தடி அதே கழுத்தில், முன்பைவிடப் பெரிய சுமையோடு அழுந்தியது. டயர் வண்டி உருள்வது எளிது, நிற்பது கடினம். பிரேக் இல்லாத வண்டி இறக்கத்தில் மாட்டைப் பின்னாலிருந்து தள்ளும். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என். எஸ். ராமசாமி 1970-களில் இதை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஓடும் நாட்டில், விமானத்துக்கும் ரயிலுக்கும் செலவிடும் அறிவில் ஒரு பங்கைக்கூட வண்டிக்குச் செலவிடவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். நல்ல தாங்கி, சிறந்த நுகம், பிரேக், குறைந்த எடை ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து வண்டியைத் திருத்த வேண்டும் என்றார். பட்டறைகள் குடத்தை மட்டும் திருத்தின. கழுத்துப் புண்ணுக்குக் காயலான் கடையில் உதிரி உறுப்பு இல்லை.

டிராக்டரின் பின்னால்

பசுமைப் புரட்சிக் காலத்துக்குப் பின் டிராக்டர் தமிழகச் சிற்றூர்களில் பரவியது. கரிசல் நிலத்தில் அதற்கு ஒரு தனித் தேவை இருந்தது. மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாட்கள் குறைவு. அந்தச் சில நாட்களுக்குள் உழுது விதைக்க வேண்டும். ஒரு சோடி மாடு பல நாட்கள் உழும் நிலத்தை டிராக்டர் ஒரே நாளில் உழுதது. பதம் தவறாமல் விதைக்கும் வாய்ப்பு கிடைத்தது.

ஆனால் உழவு சில வாரங்களுக்குத்தான். ஆண்டின் மற்ற நாட்களில் டிராக்டரின் கடன் தவணையை அடைக்க உதவியது அதன் பின்னால் கட்டிய டிரெய்லர். விளைபொருள், எரு, விறகு, செங்கல், மணல், கல்யாண வீட்டுச் சாமான் எல்லாம் அதில் சென்றன. அந்த டிரெய்லரின் அடியில் பல இடங்களில் பழைய லாரியின் அச்சும் குடமும் இருந்தன. மாட்டு வண்டிக்காகப் பட்டறை கற்றுக்கொண்ட வேலையே இப்போது டிராக்டருக்கு உதவியது. லேத் இயக்குபவர், வெல்டர், டயர்க் கடைக்காரர் ஆகியோர் தச்சர், கொல்லர் இடத்துக்கு வந்தார்கள்.

கட்டை வண்டி அதற்குள் வேறொரு பொருளும் பெற்றிருந்தது. 1972-ல் கோயம்புத்தூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்த உழவர்கள் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளை நகரச் சாலைகளில் நிறுத்திப் போராடினார்கள். இயக்கத்தின் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு 1984 திசம்பர் 21 அன்று கோவில்பட்டியில் காலமானார். மெதுவான வண்டி என்று ஒதுக்கப்பட்டதே நகரத்தை நிறுத்தும் கருவியாக இருந்தது.

லாபம் அனைவருக்கும் சமமாகச் சேரவில்லை. டிராக்டர் வைத்திருந்தவர் வாடகை பெற்றார். மாடும் வண்டியும் மட்டும் வைத்திருந்த சிறு உழவர், வாடகைச் சுமை குறைந்ததால் மாட்டை விற்றார். குடம் கடையும் தச்சருக்கு வேலை இல்லாமல் போனது. சக்கரம் செய்வது தச்சுத் தொழிலின் கடினமான பகுதி. பல ஆண்டுகள் உடனிருந்து கற்க வேண்டியது. ஒரு தலைமுறை செய்யாமல் விட்டால் அடுத்த தலைமுறை அதை நூலிலிருந்து மீட்க இயலாது. தென் மாவட்டங்களில் கோயில் விழாக்களையொட்டி நடைபெறும் மாட்டு வண்டிப் பந்தயங்கள் வண்டி செய்யும் கைத்திறனில் ஒரு பகுதியை இன்றும் காத்துவருகின்றன.

பழமை வண்டிகளும் சட்டமும்

தேவைக்காகச் செய்யப்பட்ட இடமாற்றம் இன்று பழமை வண்டி ஆர்வலர்களுக்குச் சிக்கலாகியுள்ளது. 2021-ல் மத்திய அரசு பழமை மோட்டார் வண்டிகளுக்கென விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர வண்டிகளும் கார்களும் இதில் அடங்கும். அவை மூல வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெருமளவு மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்.

டிராக்டர் இந்த வகைப்பாட்டில் இல்லை. பழைய காருக்குச் சட்டமும் அருங்காட்சியகமும் உண்டு. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவின் பெயரிலான கார் அருங்காட்சியகம் 2015-ல் திறக்கப்பட்டது. காடுகளில் உழைத்த பழைய டிராக்டருக்கும், அதன் பின்னால் ஓடிய டிரெய்லருக்கும், டயர் வண்டிக்கும் அத்தகைய இடம் அரிது. அவை ஓடும்வரை ஓடி, பின் எடைக்குப் போகின்றன.

சீரமைப்பில் எது மூலம் என்ற கேள்வியும் எழுகிறது. அமெரிக்கப் பண்ணையில் 1930-களில் வெட்டி ஒட்டப்பட்ட டிராக்டர் சக்கரத்தை அகற்றி மூலச் சக்கரம் வைப்பதா, வெட்டி ஒட்டிய சக்கரத்தையே வரலாறாகக் காப்பதா என்பதில் சேகரிப்பாளர்களிடையே இரு கருத்துகள் உண்டு. தமிழ்நாட்டு டயர் வண்டியில் இந்தக் கேள்வி இன்னும் கடினமானது. அதன் மூல வடிவமே கலப்பு. ஒரு நாட்டு லாரியின் குடம், மற்றொரு நாட்டு அளவிலான டயர், உள்ளூர்க் கருவேல மரத்தின் நுகத்தடி ஆகியவை சேர்ந்ததுதான் அந்த வண்டி.

மதிப்பீடு

சக்கரக் குடத்தின் இடமாற்றம் பெரும்பாலும் சிக்கனத்தின் கதையாகவே கூறப்படுகிறது. அது உண்மையே. புதிய உறுப்பு வாங்க இயலாத உழவருக்குப் பட்டறைகள் வழி கண்டன. அளவு நூல்கள் இல்லாமல், கையால் தடவியும் ஓசையைக் கேட்டும் எந்தத் தாங்கி எந்தக் குடத்துக்கு உரியது என்று கண்டறியும் அறிவு அங்கே வளர்ந்தது. அந்த அறிவு எழுதப்படவில்லை.

அதே சமயம், பொருந்தியதெல்லாம் தாங்கிவிடவில்லை. அளவு ஒத்த குடம் சுமையில் தோற்றது. திருத்திய சக்கரம் திருத்தாத நுகத்தோடு மாட்டின் கழுத்தில் விழுந்தது. பிரேக் இல்லாத டிரெய்லர் நெடுஞ்சாலைக்கு வந்தது. மதுரை - தூத்துக்குடி சாலை இன்று எட்டயபுரத்தை ஒட்டி நான்கு வழிச் சாலையாகச் செல்கிறது. அதில் விரையும் கார்களின் நடுவே நெல்லோ மக்காச்சோளமோ ஏற்றி மெதுவாகச் செல்லும் டிரெய்லரின் குடம், ஒரு காலத்தில் வேறொரு வண்டியைத் தாங்கியதாக இருக்கலாம். அதன் பாதுகாப்பு அந்தக் குடம் எங்கிருந்து வந்தது என்பதை விட, அதன் மேல் எவ்வளவு ஏற்றப்படுகிறது என்பதையே பொறுத்தது.